குளிர்விட்டுப் போன பீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பெல்ஜிய நாட்டு பீர் வகைகளைப் பற்றி எழுதியபோது, செம்பழுப்பு நிறமுள்ள வலுவான ஏலை (சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகை) முதல் மிடறில் எடைபோடக் கூடாது, கோப்பையில் கடைசி மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போதுதான் எடைபோட வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன.

*அலுவல் காரணமாக பிரஸ்ஸல்ஸ் சென்றிருந்தபோது, அடிப்பகுதி உருண்டையாக இருந்த ஒரு கோப்பையை மரச்சட்டத்தில் மாட்டி பீர் கொடுத்தார்கள். நிறம் பால் சேர்க்காத தேநீரைப் போலவும், மணம் கிராம்பைப் போலவும் இருந்தது. நம் ஊரில் கிடைக்கும் பீருக்கும் அதற்கும் உறவே இருப்பதாகத் தெரியவில்லை. அது பீர்தானா?*
— கோயம்புத்தூர் வாசகர்

பீர்தான். மரச்சட்டத்தைச் சொன்னவுடனேயே பெயர் தெரிந்துவிட்டது: நீங்கள் குடித்தது க்வாக். கிழக்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தின் புகன்ஹவுட் என்ற ஊரில் 1791ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட போஸ்டீல்ஸ் ஆலையின் தயாரிப்பு அது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த அந்த ஆலையை 2016இல் ஏபி இன்பெவ் என்ற பெருநிறுவனம் வாங்கியது. க்வாக்கில் ஆல்கஹால் 8.4 சதவீதம்.

ஆனால், நீங்கள் உணர்ந்த வேறுபாட்டுக்கு வலு காரணமல்ல. இந்தியக் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்ற பெயரில் விற்கப்படும் லாகர்களிலும் (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர் வகை) ஆல்கஹால் 8 சதவீதம் வரை உண்டு. வேறுபாடு ஈஸ்ட்டிலும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலும் இருக்கிறது. லாகர் ஈஸ்ட், ஏறத்தாழ 8 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில், தன் சுவடு தெரியாமல் வேலை செய்துவிட்டுப் போகிற வகை. பெல்ஜிய ஏல் ஈஸ்ட்டோ 20 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் சுறுசுறுப்பாக நொதித்து, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதோடு நில்லாமல் பழமணம் தரும் எஸ்டர்களையும் மசாலா மணம் தரும் ஃபீனால்களையும் விட்டுச் செல்கிறது. நீங்கள் முகர்ந்த கிராம்பு மணத்துக்காக யாரும் கிராம்பு போட வேண்டியதில்லை. அந்த ஈஸ்ட் உண்டாக்கும் வினைல் குவையகோல் என்ற பொருளும், உண்மையான கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருளும் வேதியியல் முறையில் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்பதால், மூக்கு இரண்டையும் ஒன்றாகவே அடையாளம் காண்கிறது. செம்பழுப்பு நிறம், சற்று அதிகமாக வறுத்த மால்ட்டிலிருந்தும் சில ஆலைகளில் காய்ச்சிய சர்க்கரையிலிருந்தும் வருகிறது.

*பெல்ஜியம் போன்ற சிறிய நாட்டில் இவ்வளவு வலுவான பீர் எப்படிப் பழக்கத்துக்கு வந்தது?*
— மதுரை வாசகி

பாதிக் காரணம் ஒரு சட்டம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், சோசலிசத் தலைவரும் அமைச்சருமான எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம், பொது அருந்தகங்களில் ஜெனிவர் போன்ற வடித்த சாராய வகைகளைப் பரிமாறுவதைத் தடைசெய்தது. கடைகளிலும் சிறிய அளவில் அவற்றை வாங்க முடியாமல் போனது. சாராயத்தின் சூட்டுக்குப் பழகிய வாடிக்கையாளர்கள் அருந்தகத்தை விட்டுப் போகாதிருக்க வேண்டுமென்றால், பீரிலேயே அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டியிருந்தது. வலுவான ஏல் அதற்கு முன்பு இல்லவே இல்லை என்பதல்ல. அதற்கு நிலையான சந்தை அமைந்தது அப்போதுதான். அச்சட்டம் 1983 வரை நீடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: இரண்டு தலைமுறைகளின் நாக்கு அதற்குள் பழகிவிட்டது.

மீதிப் பாதி, ஆங்கிலேய மோகம். அக்காலத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஏல்களுக்கு பெல்ஜியத்தில் நல்ல மதிப்பு இருந்தது. எனோ மாகாணத்தின் பிப்பே என்ற சிற்றூரில் 1769 முதல் இயங்கிவரும் டுபுய்சோன் ஆலையின் ஆல்ஃபிரட் டுபுய்சோன், 1933இல் ஒரு வலுவான செம்பழுப்பு ஏலை உருவாக்கி, குடும்பப் பெயரில் ஒளிந்திருந்த ‘புதர்’ என்று பொருள்படும் ‘புய்சோன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலமாக்கி அதற்கு ‘புஷ்’ என்று பெயர் வைத்தார். இன்று ‘புஷ் அம்ப்ரே’ என்று அழைக்கப்படும் அதன் வலு 12 சதவீதம். அமெரிக்காவில் ‘புஷ்’ என்ற ஒலியோடு வேறொரு பெரிய நிறுவனத்தின் வணிகப் பெயர் இருந்ததால், அங்கே அது ‘ஸ்கால்டிஸ்’ என்று ஷெல்ட் ஆற்றின் லத்தீன் பெயரில் விற்கப்பட்டது. ஆங்கிலேயரைப் போலத் தோன்ற வைத்த பெயரே ஆங்கிலம் பேசும் நாட்டில் செல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

*முறையாகச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி என்று தொடக்கத்திலிருந்து சொல்ல முடியுமா? நண்பர்கள் நால்வர் சேர்ந்து இரண்டு புட்டிகள் வாங்கி வைத்திருக்கிறோம்: ஒன்று க்வாக், மற்றது புஷ் அம்ப்ரே.*
— சிங்கப்பூர் வாசகர்

நல்ல ஜோடி. முதலில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக் காத்திருங்கள். நான்கு டிகிரியில் நாக்கு பாதி மரத்துப் போகும், மணப்பொருள்களும் திரவத்தை விட்டு எழும்பாது. மிகக் குளிர்ந்த எந்த பீரும் ஏறத்தாழ ஒரே பீர்தான். 8 டிகிரியில் தொடங்கி, கோப்பை முடியும்போது 14 டிகிரியைத் தொடுமாறு பார்த்துக்கொண்டால், ஒரே பானத்தின் நான்கைந்து முகங்களை வரிசையாகக் காணலாம். நம் வழக்கில் ஒருவனுக்குக் ‘குளிர்விட்டுப் போச்சு’ என்றால் பயம் போய்விட்டது என்று பொருள். இந்த ஏல்களும் அப்படித்தான். குளிர் விட்ட பிறகே தங்கள் குணத்தைக் காட்டத் துணிகின்றன. நன்மையும் தீமையும் சேர்ந்தே வெளிவரும்.

கோப்பை, அடி அகன்று வாய் சற்றுக் குறுகிய துலிப் வடிவில் இருக்கட்டும். க்வாக்கின் மரச்சட்டக் கோப்பை கண்ணுக்கு விருந்து, ஆனால் மதிப்பீட்டுக்கு உதவாது. நீண்ட கழுத்தும் விரிந்த வாயும் கொண்ட அதில் மணம் ஓரிடத்தில் தங்குவதில்லை. கோப்பையில் சோப்புப் பிசுக்கோ எண்ணெயோ இருந்தால் நுரை உடனே செத்துவிடும் என்பதால், வெந்நீரில் அலசித் தானாக வடிய விடுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை எழும்பச் செய்யுங்கள்.

பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வரும் வேளையில் ஒரு செம்மை ஓடுமல்லவா, அந்த நிறம் வேண்டும். நுரை யானைத் தந்தத்தின் நிறத்தில், அடர்த்தியாக இருந்து, இறங்கும்போது கோப்பையின் சுவரில் வலைபோல ஒட்ட வேண்டும். ஆல்கஹால் கூடக் கூட நுரை நிலைப்பது கடினமாகும் என்பதால், 12 சதவீதமுள்ள புஷ்ஷின் நுரை விரைவில் தணிந்தால் அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

மணத்துக்கு நேரம் கொடுங்கள். ஆழமாக ஒரே மூச்சில் இழுக்காமல், பூக்காரியிடம் மல்லிகையை முகர்ந்து பார்ப்பதுபோல இரண்டு மூன்று சிறு மூச்சுகள் எடுத்தால் போதும். நீண்ட நேரம் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றும் சொல்லாது. தோன்றியதை உடனே எழுதுங்கள், உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். மேலை நாட்டுக் குறிப்புகளில் வரும் ‘டாஃபி’யையும் ‘பிளம் கேக்’கையும் கடன் வாங்கத் தேவையில்லை. என் குறிப்பேட்டில் க்வாக்குக்கு எதிரே, நெய்யில் வதக்கிய கனிந்த பூவன் பழம், அதிமதுரம், லேசாகக் கிராம்பு என்று எழுதியிருக்கிறது. புஷ்ஷுக்கு எதிரே, கருப்பட்டிப் பாகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், உலர்திராட்சை, அதன் பின்னால் ஊறிய மரத்தின் நெடி. வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் இரண்டிலும் இருக்கலாம். க்வாக்கில் அதை நான் உடனே கண்டுகொள்கிறேன், புஷ்ஷில் பாகு அதை மூடிவிடுகிறது.

இனிச் சுவை. சிறிய மிடறாக எடுத்து, வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் சுவை என்று நம்புவதில் பெரும்பகுதி, தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் அந்த மணம்தான். முதலில் இனிப்பு வரும். அது எத்தனை நேரம் நிற்கிறது, அதன்பின் எது வந்து அதை அகற்றுகிறது, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பா, கரியமில வாயுவின் உறுத்தலா, ஆல்கஹாலின் வெதுவெதுப்பா என்று கவனிப்பதே மதிப்பீட்டின் உயிர். நல்ல ஏலில் ஆல்கஹால் நெஞ்சில் இளஞ்சூடாக இறங்கும். சரியில்லாததில் தொண்டையைச் சுடும், நெயில் பாலிஷ் நெடி அடிக்கும். மிகச் சூடான நொதித்தலில் உண்டாகும் கனமான ஆல்கஹால்களும் கரைப்பான் நெடியுள்ள எஸ்டர்களுமே இதற்குக் காரணம்.

நால்வரும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல் எழுதுங்கள். “பாகு மணம்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மற்ற மூவருக்கும் பாகுதான் மணக்கும். க்வாக்கை முதலில் குடியுங்கள். வலுவானதை முன்னால் வைத்தால் அடுத்தது தண்ணீராகத் தோன்றி, பாவம், அநியாயமாகத் தோற்றுவிடும்.

*நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று பள்ளியில் படித்தோமே. அதற்கேற்ப பீரை நாக்கில் நகர்த்த வேண்டுமா?*
— திருச்சி வாசகர்

வேண்டாம். 1901இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்காலத்தார் தவறாகப் புரிந்துகொண்டதால் பாடநூல்களில் புகுந்துவிட்ட படம் அது. நாக்கின் எல்லாப் பகுதிகளிலும் எல்லா அடிப்படைச் சுவைகளையும் உணரலாம். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

*இந்த ஏல்களில் சர்க்கரை சேர்க்கிறார்களாமே? அப்படியானால் அந்த இனிப்பு செயற்கைதானே? இனிப்பாக இருப்பதே ஒரு குறை என்று சொல்லலாமா?*
— சேலம் வாசகர்

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். சர்க்கரை சேர்ப்பதால் பீர் இனிப்பாகிறது என்று நினைப்பது இயல்பு, உண்மை நேர்மாறானது.

மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாற்றில், ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரைகளும் உண்டு, அதன் பல்லுக்கு அகப்படாத டெக்ஸ்ட்ரின்களும் உண்டு. 12 சதவீத ஆல்கஹாலை மால்ட்டிலிருந்து மட்டுமே பெற வேண்டுமென்றால் அவ்வளவு மால்ட் போட வேண்டும், அவ்வளவு டெக்ஸ்ட்ரினும் மிஞ்சும். விளைவு, கூழ்போலக் கனத்து நாக்கில் அப்பிக்கொள்ளும் பானம். பீட்ரூட் கிழங்கிலிருந்தோ கரும்பிலிருந்தோ எடுத்த சர்க்கரையை ஈஸ்ட் முழுமையாகத் தின்று தீர்த்துவிடும், எதுவும் மிஞ்சாது. ஆகவே மால்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சர்க்கரையைச் சேர்க்கும் பெல்ஜிய ஆலைக்காரர், வலுவை ஏற்றிக்கொண்டே பீரின் உடலை இளைக்க வைக்கிறார். எளிதில் செரிக்கும் பீர் என்று பெல்ஜியர்கள் சொல்வது இந்த மெலிவைத்தான்.

அப்படியென்றால் நாம் உணரும் இனிப்பு எங்கிருந்து வருகிறது? கொஞ்சம், மிஞ்சிய டெக்ஸ்ட்ரினும் கேரமல் மால்ட்டும் தருவது. கொஞ்சம், ஆல்கஹாலுக்கே உள்ள மெல்லிய இனிப்பு. மீதி, மணம் காட்டும் மாயம். பாகு மணமும் பழ மணமும் வந்தால் மூளை இனிப்பையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், பாதி இனிப்பு காணாமல் போய்விடும்.

எனவே இனிப்பு குறையல்ல, தீராத இனிப்புதான் குறை. முதல் மிடறு எல்லாருக்கும் பிடிக்கும், அதிரசத்தின் முதல் கடி பிடிப்பதைப் போல. மூன்றாவது அதிரசத்தில்தான் பாகு சரியான பதத்தில் எடுத்ததா, திகட்டுகிறதா என்று தெரியும். கோப்பையில் கடைசி மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போது குளிர் போயிருக்கும், வாயு குறைந்திருக்கும், நுரையும் இருக்காது. இனிப்பை மறைக்க உதவியவை எல்லாம் விலகி நிற்கும். அந்த நிலையிலும் முடிவு உலர்ந்து, லேசான கசப்போடு நாக்கைத் துடைத்துவிட்டுப் போகிறதென்றால் அது தேர்ந்த கையின் வேலை. என் அனுபவத்தில் புஷ் இந்தத் தேர்வில் க்வாக்கைவிட நன்றாகத் தேறுகிறது. தொடக்கத்தில் புஷ்தான் அதிக இனிப்பாகத் தோன்றும், ஆனால் அதன் ஆல்கஹாலும் ஹாப்ஸும் சேர்ந்து கடைசியில் இனிப்பை வெட்டிவிடுகின்றன. க்வாக் முதலில் மனத்தைக் கவர்ந்து, முடிவில் சற்றுப் பிசுக்கென்று நின்றுவிடுகிறது. க்வாக் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

*நான் வாங்கிய புட்டியில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை அடித்தது. இதுவும் பெல்ஜியச் சுவைகளில் ஒன்றா?*
— துபாய் வாசகர்

இல்லை. அது காற்றுபட்டுப் பழசானதன் அடையாளம். புட்டிக்குள் நுழைந்த சிறிதளவு பிராணவாயுவும் கப்பல் பெட்டியில் ஏறிய வெப்பமும் சேர்ந்து செய்யும் வேலை. வலுவான செம்பழுப்பு ஏல்களில் முதுமை சில நேரம் அழகாகவும் வரும்: உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின், ரொட்டியின் மேலோடு என்று கனிந்துகொண்டே போகும். அட்டை வாசனை மட்டும் எந்த வயதிலும் அழகல்ல.

வெளிச்சம் இன்னொரு பகை. ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டியை, லேபிளின் அழகில் மயங்கி, ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். திறந்ததும் எரிந்த ரப்பர் நெடி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறியிருந்தது. பழுப்புப் புட்டி ஓரளவு காக்கும், பச்சைப் புட்டி அந்த அளவுக்குக் காக்காது. பழுப்புதானே என்று நம்பி நான் ஏமாந்தேன். வெண்ணெய் மணம், வெந்த மக்காச்சோள மணம், பச்சை ஆப்பிள் மணம் ஆகியவை ஆலையிலேயே நேர்ந்த குறைகளைக் காட்டுபவை. இந்த இரண்டு பீர்களில் அவற்றை நான் கண்டதில்லை.

*மதிப்பெண் போடுவது எப்படி?*
— சென்னை வாசகி

அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் 50 மதிப்பெண் தாள் பரவலாகப் பயன்படுகிறது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பதத்துக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது எனக்கு மிகவும் பிடித்த நியாயம். ஆனால் அந்தத் தாள், ஒரு பீர் தன் வகைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பது. பெல்ஜிய ஆலைக்காரர்களோ வகைப்பாட்டைப் பெரிதாக மதிப்பதில்லை. ‘வலுவான செம்பழுப்பு ஏல்’ என்பதே நம் வசதிக்கு நாம் ஒட்டிய சீட்டு. நான் 50க்குப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுவேன்: கோப்பையை முடிக்க மனம் வந்ததா?

*க்வாக் கோப்பைக்கு ஏன் மரச்சட்டம்? அதற்குக் காலணியை அடமானம் வைக்க வேண்டும் என்பது உண்மையா?*
— யாழ்ப்பாணம் வாசகர்

குதிரை வண்டியை விட்டு இறங்க முடியாத வண்டிக்காரர்கள் வண்டியிலேயே மாட்டிக்கொள்வதற்காக, டெண்டர்மொண்டே ஊரின் விடுதிக்காரர் பாவெல் க்வாக் இதை உருவாக்கினார் என்பது ஆலை சொல்லும் கதை. கதையாகவே கேட்டுக்கொள்வோம். உருண்டை அடி நிற்காது என்பதால் சட்டம் தேவை, அவ்வளவே. கடைசி மிடறில் அவசரமாகச் சாய்த்தால், உருண்டையில் தங்கியிருந்த பீர் திடீரென்று பாய்ந்து முகத்தில் அடிக்கும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே சாய்க்க வேண்டும். காலணி அடமானம் கெண்ட் நகரின் டுல்லே க்ரீட் அருந்தகத்தில் நடக்கிற உண்மை. அங்கே இதே பாணியில் 1.2 லிட்டர் கொள்ளும் பெரிய கோப்பையில் குடிக்க விரும்பினால், ஒற்றைக் காலணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதைக் கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள்.

*சுவைப்பது என்ற பெயரில் எவ்வளவு வரை குடிக்கலாம்?*
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

கணக்கைப் பார்த்துவிடுவோம். 5 சதவீதமுள்ள 330 மில்லி பீரில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் உண்டு. அதே அளவு க்வாக்கில் 22 கிராம். அதே அளவு புஷ் அம்ப்ரேயில் 31 கிராம், அதாவது சாதாரண பீர் இரண்டரைப் புட்டிக்கு நெருக்கம். இனிப்பு இருப்பதால் நாக்கு இதைச் சொல்லாது. மதிப்பீட்டுக்கு ஒருவருக்கு ஒவ்வொரு பீரிலும் 80 மில்லி தாராளம். மேலே சிங்கப்பூர் நண்பர்கள் நால்வரும் இரண்டு புட்டிகளைப் பகிர்ந்தால் ஆளுக்கு அந்த அளவுதான் வரும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் இருக்கட்டும். பெல்ஜியத்தில் வாகனம் ஓட்டுபவரின் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், இந்தியாவில் 0.3 கிராம். கோப்பை எவ்வளவு சிறியதாயினும், சுவைக்கும் நாளில் வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.